அண்ணையின் கலப்பைக்கு நான் பூசிய திருநீறு

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலருக்கு ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்திருக்க வேண்டும். வீட்டில் நாங்கள் நான்கு பேர். அண்ணை மூத்தவர், நான் கடைசி. நடுவில் உள்ள அக்காமார் இருவரும் கனடாவில் இருந்துகொண்டு, "நீதானே கிட்ட இருந்தனீ, நீயே எழுது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். கிட்ட இருந்தவனிடம்தான் முறைப்பாடு அதிகம் இருக்கும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பது அண்ணியின் கட்டளை. முயன்று பார்க்கிறேன்.

அண்ணை வலிகாமத்தில், வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பத்தில் பிறந்தார். ஐயா நோயில் விழுந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கலப்பையைப் பிடித்தார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு நான்கு. அக்காமாரையும் என்னையும் படிக்க வைத்தது அந்தக் கலப்பைதான். நான் படித்த இலட்சணத்தை ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் பேருந்து ஏறும் எல்லோரும் அறிவார்கள். இருபத்தாறு வருடமாக அவர்களை ஏற்றி இறக்குவது நான்தான்.

நாட்டில் இருக்க முடியாமல் போனபோது, எங்களில் முதலில் வெளிக்கிட்டவரும் அண்ணையே. கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்கே கடந்து, முகாமில் இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதியில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டுசல்டோர்ஃபில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அதன் பிறகுதான் வடக்கே ஒரு கிராமத்தில், விவசாய இயந்திரங்கள் திருத்தும் பட்டறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனார். அப்போது அவருக்குத் தெரிந்த ஜெர்மன் வணக்கம், நன்றி, அலுவலகங்களில் நேரம் குறிக்கிற டெர்மின். பட்டறைக்காரர் என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார். அண்ணை மூலையில் கிடந்த பழைய இரும்புக் குவியலில் இருந்து தேய்ந்த கலப்பைக் கொழு ஒன்றை எடுத்து, அது தேய்ந்த பக்கத்தைத் தடவிக் காட்டி, உள்ளங்கையைச் சரித்துப் பிடித்து, இந்தக் கலப்பை இப்படிச் சரிந்து ஓடியிருக்கிறது என்று சைகையில் சொல்லியிருக்கிறார். அந்தக் கலப்பையின் சொந்தக்காரரைத் தொலைபேசியில் கேட்டபோது உண்மை என்று தெரிந்ததாம். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். ஓய்வு பெறும் வரை அண்ணை அந்தப் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. எங்கள் எல்லோரையும் கரைசேர்த்தது அங்கே உழைத்த உழைப்பு.

இதுவரை எழுதியது அண்ணிக்குப் பிடிக்கும். இனித்தான் என் பகுதி.

அண்ணையுடன் ஒருவர் சாப்பிட உட்கார்ந்தால் கலப்பையின் உறுப்புகள் அத்தனையும் தெரியாமல் எழும்ப முடியாது. கரண்டியை எடுத்து, "இது கொழு. நிலத்தை அடியிலை வெட்டுறது" என்பார். கத்தியை எடுத்து, "இது முன்னாலை ஓடுற வட்டக்கத்தி. நேர்க்கோடு கீறிக் குடுக்கிறது" என்பார். பிறகு ஓர் அப்பளத்தை எடுத்து வளைப்பார். "எங்கடை ஊர்க் கலப்பை மண்ணைக் கீறிப்போட்டுப் போயிடும். இஞ்சத்தைக் கலப்பை கீறி, தூக்கி, தலைகீழாப் புரட்டி வைக்கும். அதைச் செய்யிறது இந்த வளைஞ்ச தகடு." அவர் அதற்குப் புரட்டுத் தகடு என்று பெயர் வைத்திருந்தார். இதற்குள் அப்பளம் உடைந்துவிடும். "பாத்தியளோ, அதுதான் உருக்கு வேணுமெண்டிறது" என்பார், ஏதோ அப்பளம்தான் தன்னுடைய கட்சிக்குச் சாட்சி சொன்னது போல. என் கல்யாண வீட்டில் படம் பிடிக்க வந்தவர் மணவறையை விட்டுவிட்டு அரைமணி நேரம் அண்ணையின் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் கல்யாணத் தொகுப்பில் தாலி கட்டும் படம் ஒன்று, அப்பளம் ஐந்து.

ஓய்வு பெற்ற பிறகு இன்னும் மோசமானது. பட்டறைக்கு வரும் விவசாயிகளில் ஹைன்ஸ் என்றொருவர் அண்ணைக்கு நல்ல சிநேகிதர். இருவரும் சேர்ந்து, இரும்பு விலைக்குப் போகவிருந்த இரண்டு கொழுக் கலப்பை ஒன்றை மீட்டுத் திருத்தி, ஹைன்ஸின் பழைய டிராக்டரில் பூட்டினார்கள். அந்தப் பக்கத்தில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் உழவுப் போட்டி நடக்கும். ஆளுக்கு ஒரு துண்டு நிலம் அளந்து கொடுப்பார்கள். யாருடைய உழவுச் சால் நேராக, ஒரே ஆழத்தில், மண் முழுதாகப் புரண்டு கிடக்கிறதோ அவருக்குப் பரிசு. அண்ணை பதினொரு வருடம் ஓட்டினார். ஒருமுறை நான்காவதாக வந்தார். மற்ற வருடங்களில் எத்தனையாவது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

போன கோடையில் அண்ணையின் இதய வால்வு சரியாக மூடவில்லை என்று கண்டுபிடித்தார்கள். சத்திர சிகிச்சை செய்யாவிட்டால் குளிர்காலம் தாண்டுவது கடினம் என்று வைத்தியர் வெளிப்படையாகச் சொன்னார். டிராக்டர், படிக்கட்டு, பாரம், கோபம் எல்லாவற்றுக்கும் தடை. அண்ணை முதல் மூன்றையும் விட்டார்.

புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். குசினி மேசையில் வைத்தியசாலையின் ஒப்புதல் படிவம் இருந்தது. பக்கத்தில் பேனை. மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணி கண் சிவந்து நின்றார்.

"தம்பி, உவர் கையெழுத்து வைக்கமாட்டாராம்" என்றார் அண்ணி.

"வைக்கமாட்டன் எண்டு ஆர் சொன்னது?" என்றார் அண்ணை. "வைப்பன். அதுக்கு முதல் போட்டி இருக்கு. எனக்கு ஓட்டேலாது. இவன் ஓட்டினால் வைக்கிறன்."

"நானோ?"

"வேறை ஆர்? உனக்குத்தானே பெரிய வாகனம் ஓட்ட லைசென்ஸ் இருக்கு."

"அண்ணை, நான் ஓட்டுறது பஸ். அதுக்குப் பின்னாலை கொழு இல்லை."

"சனம் இருக்குத்தானே. அதை விடக் கொழு சுகம். சத்தம் போடாது."

"என்னாலை ஏலாது."

அண்ணை பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையை இந்த மலரில் அச்சடிக்க வழியில்லை. நான் ஓம் என்றேன். ஒரு மனிதன் தன் நெஞ்சையே பணயம் வைத்து இன்னொருவனை டிராக்டரில் ஏற்றுவான் என்று நான் நினைத்திருக்கவில்லை. அன்றிரவு என் மனைவியிடம் சொன்னபோது, "நீங்கள் வீட்டு வாசல்லை கார் நிப்பாட்டவே மூன்று தரம் எடுக்கிறனீங்கள்" என்றார்.

ஹைன்ஸ் எனக்கு இரண்டு சனிக்கிழமை பழக்கினார். அண்ணையை வரவிடவில்லை. அதனால் கலப்பையைத் தயார்படுத்தும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. தயார்படுத்த ஒன்றுமில்லை என்று அண்ணை சொல்லியிருந்தார். போன வருடம் உழுது முடிந்ததும் புரட்டுத் தகடுகளைக் கழுவி, துடைத்து, கிறீஸ் பூசி, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். "நீ ஒண்டையும் தொடாதை. தகடு வழுக்கினாத்தான் மண் ஒட்டாமல் புரளும். போட்டியண்டு காலமை கிறீஸைத் துடைச்சாக் காணும்" என்றார்.

போட்டிக்கு ஒன்பது நாள் முன்பு ஆயுத பூசை வந்தது.

நான் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் என் பேருந்தின் ஸ்டேரிங்குக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் ஒரு சந்தனப் பொட்டு வைப்பவன். பேருந்து இதுவரை முறைப்பாடு செய்ததில்லை. இந்த முறை அண்ணையின் நெஞ்சு இந்தக் கலப்பையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கலப்பையும் ஓர் ஆயுதம்தானே. வேலை முடிந்ததும் திருநீறு, சந்தனம், தேங்காய், கற்பூரத்துடன் ஹைன்ஸின் கொட்டிலுக்குப் போனேன். தேங்காயை வாசலில் உடைத்தேன். ஹைன்ஸின் நாய் பாதியைக் கொண்டு ஓடிவிட்டது. சாக்கைத் தூக்கிப் பார்த்தால் தகடு முழுவதும் கிறீஸ். கிறீஸின் மேல் திருநீறு நிற்கவில்லை. எனவே கோப்பை கழுவும் திரவம் போட்டுத் தேய்த்தேன். முழுத் தகட்டையும் தேய்க்கச் சோம்பலாக, பஞ்சியாக இருந்தது. மூன்று விரல் அகலத்துக்கு மூன்று வரி, நடுவில் ஒரு வட்டம், அவ்வளவுதான் தேய்த்தேன். அந்த இடத்தில் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று குறியாகப் பூசி, நடுவில் சந்தனமும் வைத்தேன். இரண்டு தகடுகளுக்கும் அப்படியே. அண்ணைக்குச் சுகம் வரவேண்டும் என்று மனமுருகிக் கும்பிட்டுவிட்டு, ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை.

போட்டி நாள் காலை ஓர் ஈரக் களிமண் வயலில் இறங்கினோம். மழை நின்று பனிமூட்டம். அண்ணையைக் கரையில் மடிப்புக் கதிரையில், இரண்டு கம்பளிக்குள் வைத்து இருத்தினோம். காதில், பேசவும் கேட்கவும் ஒரு கருவி. என் காதிலும் ஒன்று. வைத்தியர் பேசக்கூடாது என்று சொல்லவில்லை, அது பெரிய பிழை. அண்ணி சுடுதண்ணீர்ப் போத்தலுடன் பக்கத்தில் நின்றார்.

நான் சாக்கைத் தூக்கிக் கிறீஸைத் துடைத்தேன். தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. அதன் நடுவில் மூன்று குறியும் ஒரு வட்டமும் செம்மண் நிறத்தில், விரலால் தொட்டால் சொரசொரக்கும்படி, நல்ல தடிப்பான துருவாக, கறளாகப் பதிந்திருந்தன. மற்றத் தகட்டிலும் அப்படித்தான். நான் கும்பிட்டதில் எது பலித்ததோ, இது பலித்துவிட்டது.

உடனே அண்ணையிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் அதன் மேல் கொஞ்சக் கிறீஸைத் திரும்ப அப்பிவிட்டு டிராக்டரில் ஏறினேன்.

"என்ன, துடைச்சிட்டியோ?" என்றது காது.

"ஓம்."

"அப்ப வெளிக்கிடு. முன்னுக்கு நட்டிருக்கிற தடியை மட்டும் பார்."

வெளிக்கிட்டேன். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகச் சமிக்ஞை விளக்கைத் தேடியது. கண் தானாகக் கண்ணாடியைப் பார்த்தது.

"கண்ணாடியைப் பாராதை. பின்னாலை ஒருத்தரும் ஏறமாட்டினம்."

"சரி அண்ணை."

"மெல்லமாப் பிடி. உது ஸ்டேரிங், என்ரை கழுத்தில்லை."

"அப்பிடி இருந்தா இன்னும் இறுக்கிப் பிடிச்சிருப்பன்."

ஐம்பது மீட்டர் போயிருப்பேன். முதலில் கிறீஸ் காப்பாற்றியது. அது தேய்ந்ததும் களிமண் அந்தச் சொரசொரத்த மூன்று குறியில் பிடித்துக்கொண்டது. பிடித்த மண்ணில் பின்னால் வந்த மண் ஒட்டியது. திரும்பிப் பார்த்தால் கலப்பைக்குப் பின்னால் சால் இல்லை. யாரோ வயலில் மாவு குழைத்து எறிந்துகொண்டு வந்ததுபோல் கட்டி கட்டியாகக் கிடந்தது.

"நிப்பாட்டு" என்றது காது. பிறகு காதில் சத்தமில்லை. பார்த்தால் அண்ணை கம்பளியை எறிந்துவிட்டு வயலுக்குள் நடந்து வருகிறார். பின்னால் அண்ணி, "இஞ்சேருங்கோ, ஓடாதையுங்கோ, இஞ்சேருங்கோ" என்று ஓடி வருகிறார்.

அண்ணை தகட்டுக்கு முன்னால் குந்தி, மூச்சு வாங்க, விரலால் களிமண்ணை வழித்தெடுத்தார். மூன்று குறி தெரிந்தது. சந்தனம் வைத்த வட்டம் தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உது என்ன?"

"திருநீறு."

"எப்ப?"

"ஆயுத பூசைக்கு."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கடை நெஞ்சு சுகம் வரட்டுமெண்டு."

அண்ணை விரலில் ஒட்டிய களிமண்ணைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நெஞ்சு இஞ்சை இருக்கு. அதென்னத்துக்குத் தகட்டிலை பூசினனீ?"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அண்ணி பயந்துபோய் முதுகைத் தடவினார். அதற்குள் நடுவர் அளவுகோலுடன் வந்து சேர்ந்தார். மூன்று குறியையும் குனிந்து பார்த்து, இது என்ன என்று மரியாதையாகக் கேட்டார். அண்ணை சிரிப்புக்கிடையில் ஜெர்மனில் விளக்கினார்: என் தம்பி இந்தக் கலப்பைக்கு ஆசீர்வாதம் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதனால் மண்ணுக்கு இதை விட்டுப்போக மனமில்லை. நடுவர் சிரிக்கவில்லை. தன் தாளைப் புரட்டி, இதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று கேட்டார். தொழில்நுட்பக் கோளாறா, இயற்கைத் தடையா. அண்ணை என்னைக் கையால் காட்டி, இயற்கைத் தடை என்று எழுதச் சொன்னார்.

விட்டுவிட்டுப் போவோம் என்றேன். அண்ணை கேட்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நான் இறங்கி ஒரு பலகைத் துண்டால் மண்ணை வழிக்க வேண்டும், அவர் கரையில் இருந்து "இன்னும் கீழை, இன்னும் கீழை" என்று சொல்ல வேண்டும். அப்படியே முழுத் துண்டையும் உழுதோம். மற்றவர்கள் எல்லோரும் முடித்துச் சூப் குடித்துக்கொண்டு நின்று எங்களைப் பார்த்தார்கள். கடைசி இடத்துக்கு ஒரு பெரிய கோவா, அதாவது முட்டைக்கோஸ், தந்தார்கள். அண்ணி அதில் மூன்று நாள் வறை செய்தார்.

திரும்பி வரும்போது காரில் அண்ணை சொன்னார்: "அடுத்த வருசம் நான்தான் ஓட்டுவன். உன்னை நம்பேலாது."

"அப்ப படிவம்?"

"சொன்னாச் சொன்னதுதான். நீ ஓட்டினனீ. நான் வைக்கிறன்."

சத்திர சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் தாழ்வாரத்தில் நடந்தார். நான்காம் நாள் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கரண்டியை வைத்துக் கொழு விளக்கினார். அப்பளம் கிடைக்கவில்லை, பாண் ரொட்டித் துண்டை வளைத்தாராம். ஒன்பதாம் நாள் கிருமித் தொற்று என்றார்கள். பதினோராம் நாள் காலையில், அண்ணியும் பிள்ளைகளும் நானும் பக்கத்தில் நிற்க, அண்ணை போய்விட்டார்.

அதன் பிறகு வந்த நாட்களில் நான் சரியாக இல்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் பகிடி விட்டுச் சிரிக்க வைத்தேன், எனக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் தனியே பேருந்து ஓட்டும்போது ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. நான் டிராக்டரில் ஏறியதால் அவர் கையெழுத்து வைத்தார். கையெழுத்து வைத்ததால் சத்திர சிகிச்சை. அதனால்தான் இது. ஏறாமல் இருந்திருந்தால் குளிர்காலம் வரையாவது இருந்திருப்பார். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை தரிப்பிடம் ஒன்றைக் கடந்து போய், பின்னால் இருந்தவர்கள் கத்தித்தான் நிறுத்தினேன்.

இனி நன்றி சொல்ல வேண்டிய இடம். அண்ணையைக் கவனித்த வைத்தியர்களுக்கும், அவருடைய கலப்பை வகுப்பைச் சகித்த தாதிமாருக்கும் நன்றி. கிரியைகளை நடத்திய ஐயருக்கு, முப்பத்தொரு நாளும் மாறி மாறிச் சமைத்துக் கொண்டுவந்த உறவுகளுக்கு, பான் நகரில் இருந்தும் டுசல்டோர்ஃபில் இருந்தும் வேலைக்கு லீவு போட்டு வந்தவர்களுக்கு, கனடாவில் இருந்து வந்து, திரும்பிப் போனதும் எனக்கு இந்த வேலையைத் தலையில் கட்டிய அக்காமாருக்கு, கறுப்புக் கோட்டில் வந்து கடைசி வரை நின்ற ஹைன்ஸுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் என்னையே திட்டுங்கள். இந்தக் குடும்பத்தில் அதற்கு ஆள் நான்தான்.

கடைசியாக அண்ணைக்கும் ஒரு நன்றி எழுதச் சொல்கிறார் அண்ணி. அதற்குத்தான் என் கை வரவில்லை. காரணம் இதுதான்.

போன வாரம் ஓய்வூதிய அலுவலகத்துக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் நிரப்ப அண்ணி அண்ணையின் கோப்புகளைக் கிளறினார். வைத்தியசாலையின் ஒப்புதல் படிவத்தின் பிரதி அதில் இருந்தது. கையெழுத்து அண்ணையின் கையெழுத்து, பிசகில்லை. அண்ணி கீழே இருந்த திகதியைக் காட்டினார். அண்ணை என்னை வரச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

"இது என்னண்டு?" என்றேன். "மேசையிலை இருந்தது?"

"அது வேறை வெறும் படிவம் போல. ஆஸ்பத்திரியிலை ரெண்டு குடுத்திருக்கினம்."

"அப்ப அண்டைக்கு நீங்கள் அழுதது?"

"எனக்கும் தெரியாது, தம்பி. நானும் உண்மையெண்டுதான் அழுதனான்."

நான் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவர் சத்திர சிகிச்சைக்குப் போக முன்பே முடிவெடுத்துவிட்டார். வாரக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று உருண்டு விழுந்தது. விழுந்த இடத்தில் உடனே கோபம் வந்து உட்கார்ந்தது. அண்ணியை அழ வைத்து, என்னை ஏமாற்றி, களிமண் வயலில் உலகத்துக்கு முன்னால் கோமாளியாக்கி, இதெல்லாம் எதற்கு?

"ஏன் இப்பிடிச் செய்தவர்? நேரை கேட்டிருக்கலாமே" என்றேன்.

அண்ணி படிவத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். "கேட்டவர்தானே, தம்பி. ஒவ்வொரு வருசமும் டெலிபோன் எடுத்து, போட்டி பாக்க வா எண்டு கேட்டவர்."

கேட்டவர்தான். பதினொரு வருடமும் கேட்டார். ஒவ்வொரு முறையும் எனக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு முறை மட்டும் அது உண்மை.